கொழும்புக் கோப்பைக்கு இறுதி ஆட்டம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய–பாகிஸ்தான் கால்பந்து மோதல்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கொழும்புக் கோப்பை என்று அழைக்கப்படும் ஆசிய நான்கு நாட்டுப் போட்டி 1952-ல் கொழும்பில் நடந்தபோது, அதன் இறுதி ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்ததாகவும், அதனால் கோப்பை இரு நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். ஆட்டம் 0-0 என்பது சரி. இரு நாடுகளும் கால்பந்தில் மோதிய முதல் ஆட்டமே அதுதான். கோப்பை பகிரப்பட்டதும் சரி. அது இறுதி ஆட்டம் என்பதுதான் தவறு. அந்தப் போட்டிக்கு அரையிறுதியும் கிடையாது, இறுதியும் கிடையாது. நான்கு அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை ஆடும் லீக் முறை. யார் அதிகப் புள்ளி எடுத்தாரோ அவருக்குக் கோப்பை.

ஒரு சொல்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தத் தவறு தனியாக வருவதில்லை. இறுதி ஆட்டம் இருந்தது என்று நம்புகிறவர் அடுத்து அரையிறுதிகளைத் தேடுவார். நான்கு அணி என்றால் இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, வேண்டுமானால் மூன்றாம் இடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போடுவார். அப்படி நான்கு ஆட்டம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவார். நடந்ததோ ஆறு ஆட்டம். தொலைந்துபோகிற இரண்டில் ஒன்று பெரும்பாலும் பர்மா–இலங்கை ஆட்டமாகத்தான் இருக்கும். இந்தியப் பத்திரிகைக்கும் பாகிஸ்தான் பத்திரிகைக்கும் அதில் அக்கறையில்லை; இரண்டு வரியில் முடித்திருப்பார்கள், அல்லது போட்டிருக்கவே மாட்டார்கள். அந்த ஓர் ஆட்டம் இல்லாமல் புள்ளிப் பட்டியல் எதுவும் நிமிராது.

முதலில் அடிப்படை விவரம். போட்டி நான்கு முறை நடந்தது: 1952 கொழும்பு, 1953 ரங்கூன், 1954 கல்கத்தா, 1955 டாக்கா. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்று நான்கு நாடுகளும் ஆளுக்கொரு முறை நடத்தின. அந்தச் சுற்று முடிந்ததோடு போட்டியும் முடிந்தது. முதல் ஆண்டு கோப்பையை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. அடுத்த மூன்றும் இந்தியாவுக்கு. கொழும்புக் கோப்பை என்ற பெயரைப் பார்த்து நான்கும் கொழும்பில் நடந்ததாக எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தவறால் இந்தியாவின் வெற்றிகளுடைய எடை தெரியாமல் போகிறது. தனியாக வென்ற மூன்றில் சொந்த மண்ணில் வென்றது கல்கத்தாவில் மட்டும்தான். ரங்கூனிலும் டாக்காவிலும் வென்றது எதிரணியின் வீட்டில். டாக்கா என்றதும் பங்களாதேஷ் என்று போட்டு, பாகிஸ்தானும் அங்கே விருந்தாளி என்பதுபோல எழுதுவது இன்னொரு பிழை. 1955-ல் அது கிழக்குப் பாகிஸ்தான். போட்டியை நடத்திய நாடே பாகிஸ்தான்தான்.

நாலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள். இந்தியாவும் பாகிஸ்தானும் 1947 ஆகஸ்டில், பர்மா 1948 ஜனவரி 4-ல், இலங்கை அதே ஆண்டு பிப்ரவரி 4-ல். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது 1954 மே மாதம், மணிலாவில். அதாவது முதல் இரண்டு போட்டிகள் நடந்தபோது கண்டம் முழுவதற்குமான அமைப்பு என்று ஒன்று இருக்கவேயில்லை. அங்கே போய் அதிகாரபூர்வ ஆட்டத்தாளைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். அன்றைய நாளிதழ்கள்தான் முதன்மை ஆவணம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான்.

பழைய பத்திரிகைச் செய்தியிலிருந்து புள்ளிப் பட்டியல் தயாரிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது கூட்டல் சோதனை. நான்கு அணி, ஆறு ஆட்டம், ஆளுக்கு மூன்று. அன்று வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. ஆகவே நான்கு அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 12 வர வேண்டும். 11-ம் கூடாது, 13-ம் கூடாது. வெற்றிப் பத்தியின் கூட்டுத்தொகை தோல்விப் பத்தியோடு ஒத்துப்போக வேண்டும். சமன் பத்தியின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சமனும் இரண்டு பேர் கணக்கில் ஏறும். அடித்த கோல் மொத்தமும் வாங்கிய கோல் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்றைய பழக்கத்தில் வெற்றிக்கு 3 என்று போட்டுவிட்டால் இரண்டு வெற்றி ஒரு சமன் எடுத்த அணிக்கு 5-க்குப் பதில் 7 வரும். 1952 பட்டியல் என்று சொல்லி யாராவது 7 புள்ளியைக் காட்டினால், அவர் பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

1952-க்கு இந்தக் கணக்கு இன்னும் ஒரு படி மேலே உதவும். முதலிடத்தில் இரண்டு அணிகள் சமம். தங்களுக்குள் ஆடிய ஆட்டமும் சமன். இந்த இரண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். இருவரும் எடுத்திருக்கக்கூடிய புள்ளி 5 அல்லது 4. வேறு எதுவும் சாத்தியமில்லை. ஆளுக்கு 3 என்றால் மற்ற இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 6 மிஞ்சும், அப்போது நால்வரும் சமமாகிவிடுவார்கள், அல்லது மற்றவர்களில் ஒருவர் மேலே போய்விடுவார். ஆளுக்கு 5 என்றால் மற்ற இருவரும் இந்தியாவிடமும் பாகிஸ்தானிடமும் தோற்றிருக்க வேண்டும். மிஞ்சிய 2 புள்ளி பர்மா–இலங்கை ஆட்டத்திலிருந்து மட்டுமே வர முடியும். ஆளுக்கு 4 என்றால் இருவரும் தலா ஓர் ஆட்டத்தை மற்ற இரண்டில் ஓர் அணியோடு சமன் செய்திருக்க வேண்டும். கையில் உள்ள பட்டியல் இதில் எதற்கும் பொருந்தவில்லையென்றால், ஏதோ ஓர் ஆட்டத்தின் முடிவு தவறாக எடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கூட்டல் சோதனை பிடிக்காத தவறு ஒன்று உண்டு. அதுதான் அதிகம் நடப்பதும். ஓர் ஆட்டத்தின் முடிவை அப்படியே தலைகீழாக எழுதிவிடுவது. 2-1 என்று வென்றவரைத் தோற்றவராகப் போட்டாலும் புள்ளி மொத்தம் 12-தான். கோல் மொத்தம் மாறாது. வெற்றி–தோல்விக் கூட்டுத்தொகையும் மாறாது. எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். காரணம் எளிது: ஒரு பத்திரிகை வென்றவரை முதலில் எழுதும், இன்னொன்று போட்டியை நடத்தும் நாட்டை முதலில் எழுதும், மூன்றாவது தன் நாட்டை முதலில் எழுதும். தலைப்பில் எண் மட்டும் இருக்கும். இதைப் பிடிக்க இரண்டு வழிதான்: கோல் அடித்தவர்கள் பெயர், இடைவேளை ஸ்கோர். கோல் அடித்தவரின் நாடு தெரிந்தால் முடிவு தானாக நேராகிவிடும். அதனால்தான் வெறும் முடிவை மட்டும் எடுத்து எழுதும் பட்டியலை நாங்கள் பாதிப் பட்டியல் என்றே வைத்துக்கொள்கிறோம்.

கோல் வித்தியாசம் பற்றியும் சொல்ல வேண்டும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்த்திருக்கலாமே, ஏன் பகிர்ந்தார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். கோல் வித்தியாசம் உலகக் கோப்பைக்கே 1970-ல்தான் வந்தது. அதற்கு முன்பு புழங்கியது கோல் சராசரி: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. இரண்டும் ஒரே விடை தராது. 6 அடித்து 2 வாங்கிய அணிக்குச் சராசரி 3. 4 அடித்து 1 வாங்கிய அணிக்குச் சராசரி 4. வித்தியாசப்படி முதல் அணி மேலே, சராசரிப்படி இரண்டாவது அணி மேலே. ஒரு கோலும் வாங்காத அணி வந்துவிட்டாலோ பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் கணக்கு நின்றுபோகும். மூன்றே ஆட்டம் ஆடும் போட்டியில் இது நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. கொழும்பில் இரு அணிகளையும் சேர்த்து வெற்றியாளராக அறிவித்தார்கள். அறுபது, எழுபது ஆண்டு கழித்து இன்றைய விதியைக் கொண்டுபோய் ஒருவரை இரண்டாம் இடத்துக்கு இறக்குவது ஆராய்ச்சி ஆகாது.

அடுத்து அணிப் பட்டியல். இதில்தான் இளைஞர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அன்றைய செய்தியில் பதினொரு பெயர் வரிசையாக வரும். நடுவில் அரைப்புள்ளி இருக்கும். முதல் பெயர் கோல் கீப்பர். அடுத்து இரண்டு பேக் (தற்காப்பு), அடுத்து மூன்று ஹாஃப் (நடுக்களம்), கடைசியில் ஐந்து ஃபார்வர்டு (முன்களம்). ஒவ்வொரு வரிசையிலும் பெயர்கள் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் போகும். ரைட் பேக், லெஃப்ட் பேக். ரைட் ஹாஃப், சென்டர் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப். அவுட்சைட் ரைட், இன்சைட் ரைட், சென்டர் ஃபார்வர்டு, இன்சைட் லெஃப்ட், அவுட்சைட் லெஃப்ட். உதாரணத்துக்கு, அந்நாளில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் பஞ்சபாண்டவர்கள் என்று பெயர் வாங்கிய தென்னாட்டு ஐவரை எடுத்துக்கொள்வோம். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இது புகழ் வரிசையும் அல்ல, அகரவரிசையும் அல்ல. வெங்கடேஷ் வலது ஓரம், சாலே இடது ஓரம், நடுவில் தன்ராஜ். செய்தியில் ஆடிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும் வரிசையிலிருந்தே இடத்தை எடுத்துவிடலாம். ஆனால் அச்சுக்கோர்ப்பவர் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக்கிவிட்டால் வரிசை குழம்பும். அப்போது 1, 2, 3, 5 என்று எண்ணிப் பிரித்தால் போதும். இந்திய அணிப் பயிற்சியாளர் ரஹீம் காலத்து மாற்றங்கள் அப்புறம் வந்தவை. களத்தில் மூன்று பேக் ஆடத் தொடங்கிய பிறகும் பத்திரிகைகள் பழைய 2-3-5 அச்சிலேயே பெயரைப் போட்டுக்கொண்டிருந்தன. பட்டியலை வைத்து ஆட்ட வியூகம் இதுதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது.

பெயர் பன்னிரண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டும். அன்றைய விதியில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. காயம் பட்டவர் வெளியேறினால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான், அல்லது அவர் நொண்டியபடி ஓரத்தில் நிற்பார். பன்னிரண்டாவது பெயர் பெரும்பாலும் பயணக் குழுவில் இருந்த உபரி ஆட்டக்காரர், இல்லையென்றால் முந்திய நாள் அறிவித்த அணியும் மறுநாள் ஆடிய அணியும் கலந்துபோனது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று எழுதுவதும் கூடாது. அவை 1970-ல் வந்தவை.

எந்த நாட்டுக்காரர் என்பதை ஊரை வைத்தோ கிளப்பை வைத்தோ ஊகிப்பதும் இந்த ஆண்டுகளில் ஆபத்து. பாகிஸ்தானின் மசூத் ஃபக்ரி ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடியவர். கல்கத்தா லீக் செய்தியில் பெயரைப் பார்த்துவிட்டு இந்திய அணியில் சேர்த்துவிடுகிறார்கள். இதற்கு நேர் எதிராக, மலபாரின் தானூரில் பிறந்த மொய்தீன்குட்டி பாகிஸ்தானுக்கு ஆடினார். பெயரைக் கேட்டால் மலையாள நாடு, சட்டை பாகிஸ்தான். பிரிவினை முடிந்து ஐந்தே ஆண்டு. ராணுவத்திலும் விமானப்படையிலும் சேர்ந்தவர்கள் வேலை இருந்த பக்கம் போனார்கள், குடும்பம் இருந்த பக்கம் திரும்பியவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வெறுங்கால் கதைக்கு வருவோம். உங்கள் கட்டுரை மட்டுமல்ல, இந்தக் காலத்தைத் தொடுகிற எல்லாருமே இதில் ஒரு பத்தி எழுதாமல் விடுவதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952 ஜூலையில் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபோதும் அதே நிலைதான். அந்த ஒற்றை கோல் அகமது கானுடையது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. கொழும்புப் போட்டி நடந்தது அதே ஆண்டு மார்ச்சில், ஹெல்சிங்கிக்கு முன்பு. ரங்கூன் போட்டி அதற்குப் பின்பு. முதல் போட்டியும் இரண்டாவது போட்டியும் இந்த ஒரு முடிவுக்கு இரு பக்கமும் நிற்கின்றன. அதைச் சொல்லாமல் நான்கு ஆண்டும் வெறுங்கால் வெற்றி என்று எழுதுவது காதில் பூச்சுற்றுவது. அதற்காக 1952-ல் பதினொரு பேரும் வெறுங்கால் என்றும் சொல்லிவிட முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். கணுக்காலுக்குத் துணி சுற்றியவர், பூட்ஸ் போட்டவர் எல்லாம் ஒரே படத்தில் நிற்பார்கள். புகைப்படம் கிடைத்தால் முகத்துக்கு முன்னால் காலைப் பாருங்கள்.

பந்தும் இதில் சேரும். தோல் பந்து, உள்ளே ரப்பர் பிளாடர், வாய்ப் பிளவை நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சுற்றளவு 27 முதல் 28 அங்குலம், எடை 14 முதல் 16 அவுன்ஸ். இந்த எடை ஆட்டம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடை மட்டுமே. மழையில் தோல் தண்ணீர் குடித்தால் எடை எவ்வளவு ஏறினாலும் விதி கேட்காது. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து நன்றாகக் கட்டுப்படும். குட்டிப் பாஸும் திருப்பமும் சுலபம். ஈரத் தரையில் ஸ்டட் (பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்) இல்லாத காலுக்குப் பிடிமானம் போகும், கனத்த பந்தைத் தூர உதைக்கவும் முடியாது. ஆட்ட அறிக்கையில் மழை பற்றி ஒரு சொல் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் முடிவுக்கான விளக்கம் அந்தச் சொல்லில்தான் இருக்கும்.

பர்மாவைப் பலவீனமான அணி என்று கட்டுரை ஒரு வரியில் ஒதுக்கியதும் ஏற்கத்தக்கதல்ல. 1954 மே மாதம் மணிலா ஆசிய விளையாட்டில் பர்மா வெண்கலம் வென்றது. 1951-ல் தங்கம் வாங்கிய இந்தியா அங்கே குழுச் சுற்றிலேயே வெளியேறியது. அதே ஆண்டு கல்கத்தாவில் இந்தியா கோப்பையை வென்றதன் பொருள் இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

தேடுகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். நான்கு நாட்டுப் போட்டியாயிற்றே என்று நாற்கோணப் போட்டி எனத் தேடினால் பம்பாய்க் கிரிக்கெட் குவியும். ஆனால் அது 1937-லேயே ஐங்கோணமாகிவிட்டது, 1950-களில் இல்லை. மெட்ராஸ்–இலங்கை என்று தேடினால் கோபாலன் கோப்பைக் கிரிக்கெட் வந்து நிற்கும். நாளிதழின் தேதியை ஆட்டத்தின் தேதியாக எடுக்கக் கூடாது. மாலையில் முடிந்த ஆட்டம் மறுநாள் காலைப் பதிப்பில் வரும், வெளியூருக்குப் போன டாக் பதிப்பில் அதற்கும் அடுத்த நாள். செய்தியின் தலையில் ஊர்ப் பெயரோடு இருக்கும் தேதிதான் சரி. அதுவும் செய்தி அனுப்பிய தேதி என்பதால் "நேற்று", "இன்று" என்ற சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழைய பக்கங்களை எழுத்துணரி மென்பொருளில் போட்டுத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவம். மென்பொருள் அவற்றை வேறு எழுத்தாக வாசித்துவிடும். அந்நாளைய இந்திய அணித் தலைவர் சைலேன் மன்னா. "மன்னா" என்று தேடினால் வராது, "தலைவர்" என்று தேடினாலும் வராது, இரண்டிலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. மேவாலால், அகமது கான் போன்ற ஆட்டக்காரர் பெயர்கள், கொழும்பு, இலங்கை, பர்மா என்று பாதிக்கப்படாத சொற்களால் தேடுங்கள், வரும். ரங்கூனை ரெங்கூன் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டையும் தேட வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1952-க்கு உங்கள் காப்பகத்தோடு கொழும்பின் வீரகேசரி, தினகரன் இதழ்களும் பயன்படும். போட்டி நடந்த ஊர்ப் பத்திரிகை என்பதால் மற்றவர்கள் விட்டதை அவர்கள் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் காப்பகத்தில் நான்கு ஆண்டுகளின் பர்மா–இலங்கை ஆட்டச் செய்திகளை மட்டும் முதலில் எடுத்து வெளியிடுங்கள். இந்தியா ஆடிய ஆட்டங்களைத் தேட ஆள் நிறைய உண்டு. பக்கத்தை 400 டிபிஐ-யில், கறுப்பு-வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிற அளவில் ஸ்கேன் செய்தால் மங்கிய எண்கள் தப்பும். பழைய தாளில் 3-ம் 8-ம் கறுப்பு-வெள்ளையில் ஒன்றாகிவிடும். செய்தியை மட்டும் வெட்டி எடுக்காமல் பக்கத்தின் தலையில் உள்ள தேதி, பதிப்பு வரியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நொறுங்கும் நிலையில் உள்ள தொகுப்பைக் கண்ணாடிக்குக் கீழே அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் எடுப்பது நல்லது.

இப்படிக்கு,
பழைய கால்பந்துப் பதிவுகளைத் தொகுக்கும் வாசகர்கள்